நான்கு மாத வயதுள்ள டாங்கி: 1/35 டி-34-85 செய்து பார்த்த அனுபவம்

டி-34-85 என்பது இரண்டாம் உலகப் போரில் ஓடிய சோவியத் டாங்கி. நான் செய்தது அதன் பிளாஸ்டிக் மாடல், அசலில் 35இல் ஒரு பங்கு அளவு. இந்த முறை பெயின்ட் டப்பாவைத் திறப்பதற்கு முன்பே ஒரு முடிவு எடுத்துக்கொண்டேன். இந்த டாங்கியின் வயது நான்கு மாதம். 1945 ஜனவரியில் தொழிற்சாலையை விட்டு வெளியே வந்தது, ஏப்ரல் கடைசியில் பெர்லினுக்குள் நுழைந்து நிற்கிறது. அதற்குள் அது பட்டதெல்லாம்தான் அதன் மேல் தெரிய வேண்டும். அதற்கு மேல் ஒரு கீறல்கூடக் கூடாது.

காரணம், இதற்கு முன் செய்த டாங்கி. அதில் துருவைத் தாராளமாக ஏற்றியிருந்தேன். ஒவ்வொரு கறையையும் தனியாகப் பார்த்தால் நன்றாகவே இருந்தது. முழு வண்டியாகப் பார்த்தால் இருபது வருடம் வயல்காட்டில் கிடந்த இரும்பு மாதிரி இருந்தது. அதன் மேல் போர்க்கால எண்களும் பளிச்சென்று இருந்தன. இரண்டும் ஒட்டவில்லை. அந்தப் போரில் ஓடிய டாங்கிகளில் எத்தனையோ வண்டிகள் சில மாதங்களைக்கூடத் தாண்டவில்லை. தடித்த கவசத் தகட்டைத் துரு தின்பதற்கு அந்தக் காலம் போதாது. தூசி படியும், சேறு ஒட்டும், டீசல் வழியும், பூட்ஸ் பட்டுப் பெயின்ட் தேயும். இவற்றைச் சரியாகக் காட்டினாலே போதும் என்று இப்போது நினைக்கிறேன்.

கிட் (ஒட்டிச் செய்யும் பாகங்களின் பெட்டி) வழக்கமான 1/35 அளவு. அசல் வண்டி, பீரங்கிக் குழலைச் சேர்க்காமல், ஏறத்தாழ 6.1 மீட்டர் நீளம். 35ஆல் வகுத்தால் 17 சென்டிமீட்டர் சொச்சம். உள்ளங்கையில் வைத்துப் பார்க்கலாம். இந்த 35 என்ற எண் எங்கிருந்து வந்தது என்பதை அறிந்தபோது எனக்கு ஆச்சரியமாக இருந்தது. 1960களின் தொடக்கத்தில் ஜப்பானின் டாமியா மாடல் நிறுவனம் மோட்டார் வைத்த ஜெர்மன் பாந்தர் டாங்கி மாடல் ஒன்றை வடிவமைத்தது. உள்ளே இரண்டு பேட்டரிகள் அடங்கவேண்டும் என்று உடலின் அகலத்தை முடிவு செய்தார்கள். பிறகு கணக்குப் பார்த்தால் அது அசலில் சுமார் 35இல் ஒரு பங்காக இருந்தது. அதுவே பின்னால் உலகம் முழுக்க ராணுவ மாடல்களின் அளவாகிவிட்டது.

முதல் வாரம் முழுக்கச் சக்கரம்தான். டி-34க்கு ஒரு பக்கம் ஐந்து ஜோடி; இரு பக்கமும் சேர்த்து இருபது வட்டுகள். ஒவ்வொன்றின் விளிம்பிலும் பிளாஸ்டிக் அச்சின் இரு பாதிகள் சேர்ந்த கோடு ஓடுகிறது. கத்தியின் முதுகால் சுரண்டி, பிறகு நைஸ் உப்புத்தாளால் தேய்த்தேன். வெட்டி எடுப்பதற்கு முன்பே, பாகங்கள் ஒட்டியிருக்கும் ஸ்ப்ரூ சட்டங்களைச் சோப்புத் தண்ணீரில் கழுவிக் காயவைத்திருந்தேன். அச்சிலிருந்து சுலபமாகக் கழல்வதற்காகப் பூசப்படும் எண்ணெய்ப் பசை மிச்சம் இருந்தால் பின்னால் பெயின்ட் பிடிக்காது.

ஒட்டுவதற்குத் தண்ணீர் போல் ஓடும் மெல்லிய பிளாஸ்டிக் சிமென்ட் எடுத்தேன். இரண்டு பாகங்களையும் சேர்த்துப் பிடித்து இணைப்பில் பிரஷ் நுனியை வைத்தால் அதுவே உள்ளே இழுத்துக்கொண்டு ஓடும். பிளாஸ்டிக்கைக் கரைத்து ஒன்றோடு ஒன்று உருக்கிச் சேர்ப்பதால் இதைப் பசை என்பதைவிட வெல்டிங் என்று சொல்வதுதான் பொருத்தம்.

டரட்டுக்கு (பீரங்கி பொருத்திய, சுழலும் மேல்பகுதி) வந்தபோது வேலை மெதுவானது. மெதுவாகத்தான் செய்ய வேண்டும் என்று நானே நினைத்தேன். ஏனென்றால் டி-34-85இன் முகமே அதுதான். முந்தைய 76 மில்லிமீட்டர் பீரங்கி வண்டியில் மொத்தம் நான்கு பேர். கமாண்டரே குறிபார்த்துச் சுடவும் வேண்டியிருந்தது. 85 மில்லிமீட்டர் பீரங்கிக்காகப் பெரிய டரட் வந்தபோது உள்ளே மூன்று பேருக்கு இடம் கிடைத்தது, வண்டியில் ஐந்து பேர் ஆனார்கள். கமாண்டர் சுற்றிப் பார்ப்பதற்கு நேரம் கிடைத்தது. இந்தத் தலை அச்சில் வார்த்த எஃகு. மணல் அச்சின் சொரசொரப்பு அதன் மேல் அப்படியே இருக்கும். கிட்டில் அது வழுவழுவென்று சோப்புக்கட்டி போல் இருந்தது.

சொரசொரப்புக்குக் கெட்டியான சர்ஃபேசர் என்ற மேற்பரப்புப் பூச்சுத் திரவத்தைச் சின்னப் பகுதியாகப் பூசி, அது இறுகுவதற்குள், முடி வெட்டிக் குட்டையாக்கிய பழைய பிரஷ்ஷால் குத்திக் குத்தி எடுத்தேன். காய்ந்ததும் உப்புத்தாளால் லேசாக ஒரு தேய். முதல் முறை அதிகமாகிவிட்டது. 1/35இல் ஒரு மில்லிமீட்டர் மேடு என்றால் அசலில் மூன்றரை சென்டிமீட்டர். அப்படி எந்த வார்ப்பும் இருக்காது. முழுவதையும் தேய்த்து எடுத்துவிட்டு, பாதித் தடிமனில் மறுபடி செய்தேன்.

இதே இடத்தில் கைப்பழக்கம் ஒரு தவறு செய்யப் பார்த்தது. டரட்டின் பக்கவாட்டில் குறுக்கே ஒரு கோடு ஓடுகிறது. இருபது சக்கரத்தில் கோடு சுரண்டிய கை, அதையும் சுரண்டத் தயாராகிவிட்டது. நல்லவேளை, அதற்கு முன் பழைய புகைப்படங்களை எடுத்துப் பார்த்தேன். அது கிட்டின் அச்சுக்கோடு இல்லை. அசல் டரட்டிலேயே வார்ப்பு அச்சின் இரு பாதிகள் சேர்ந்த தழும்பு. அசலில் உள்ள தழும்பு என்பதால் அது இருக்கத்தான் வேண்டும். கொஞ்சம் கரடுமுரடாக்கி இன்னும் தெரியும்படியே விட்டேன்.

கைப்பிடிகளை மாற்றியது இந்த மாடலில் நான் செய்த சிறந்த காரியம் என்று சொல்வேன். பிளாஸ்டிக் கைப்பிடிகள் தடியாக இருந்தன, நடுவில் கோடு வேறு. 0.5 மில்லிமீட்டர் பித்தளைக் கம்பியை வளைத்து, கை ட்ரில்லால் துளை போட்டுச் செருகினேன். இந்தக் கம்பிகளுக்கு ஒரு பொருள் இருக்கிறது. சோவியத் காலாட்படை வீரர்கள் டாங்கியின் மேலேயே ஏறி உட்கார்ந்து போனார்கள். பிடித்துக்கொள்ள இந்தக் கம்பிகள்தான். எங்கே கைப்பிடி இருக்கிறதோ அதற்குக் கீழேயும் பக்கத்திலும் பூட்ஸ் தேய்ந்திருக்கும். எந்த இடத்தில் பெயின்ட் போயிருக்கும் என்பதற்கு வரைபடமே எனக்கு இதில் கிடைத்துவிட்டது.

சங்கிலிப் பட்டையைத் தனித்தனிக் கண்ணிகளாக ஒட்டினேன். ஒரு பக்கத்துக்கு 72. டி-34 சங்கிலியில் பல் உள்ள கண்ணி, பல் இல்லாத கண்ணி என்று மாறி மாறி வரும். பின்பக்கத்து இயக்கச் சக்கரத்தில் உள்ள உருளைகள் அந்தப் பற்களைப் பிடித்துத்தான் சங்கிலியை இழுக்கின்றன. மேல்பாதியைத் தாங்கத் தனி உருளைகள் கிடையாது. அது தன் எடையில் தொய்ந்து சக்கரங்களின் மேலேயே படுத்திருக்கும். ஒட்டிய பசை முழுதாக இறுகும் முன் சக்கரத்தோடு சுற்றி வைத்து, இடையிடையே பஞ்சைத் திணித்து அந்தத் தொய்வை உருவாக்கினேன். ஒரு ராத்திரி அப்படியே விட்டேன்.

அப்புறம் பெயின்ட். முதலில் கறுப்புப் பிரைமர். சோவியத் வண்டிகளின் பச்சைக்கு 4பிஓ என்று பெயர். புட்டியிலிருந்து நேரே எடுத்துப் பூசினால் மாடல் இருண்டு போகும். தூரத்தில் நிற்கும் பெரிய பொருளுக்கும் கையளவு பொருளுக்கும் கண் ஒரே நிறத்தைக் காண்பதில்லை. ஆலிவ் பச்சையில் மணல் மஞ்சளைக் கலந்து வெளுக்கவைத்தேன். ஏர்பிரஷ் (காற்றால் பெயின்ட் தெளிக்கும் கருவி) முனை 0.3 மில்லிமீட்டர், காற்றழுத்தம் 15 பிஎஸ்ஐ சுற்றி, பெயின்ட் பால் பதத்தில். வானத்தை நோக்கிய மேல்தகடுகளுக்கு இன்னும் கொஞ்சம் மஞ்சள், கீழ்ப்பகுதிக்கு அசல் கலவை. சக்கர ரப்பருக்குச் சுத்தக் கறுப்பு வைக்கவில்லை. அடர் சாம்பல்தான். சக்கரத்தைக் குச்சியில் குத்திச் சுழற்றி, அசையாமல் பிடித்த பிரஷ்ஷில் விளிம்பைத் தொடவைத்தால் வட்டம் சுத்தமாக விழும்.

பெர்லின் டாங்கிகளின் அடையாளம் டரட்டைச் சுற்றிய வெள்ளைப் பட்டையும், கூரையில் பெரிய வெள்ளைச் சிலுவைக் குறியும். நேச நாட்டு விமானங்கள் தவறிக் குண்டு போடாமலிருக்க ஏப்ரலில் போட்ட குறி அது. டேப் ஒட்டி ஏர்பிரஷ்ஷில் அடித்திருந்தால் சுத்தமாக வந்திருக்கும். ஆனால் வீரர்கள் அவசரத்தில் பிரஷ்ஷால் பூசியது அப்படி வராதே. நானும் பிரஷ்ஷாலேயே, தடம் தெரியப் பூசினேன். வார்ப்புச் சொரசொரப்பில் வெள்ளை சில இடங்களில் பிடிக்காமல் விட்டுப்போனது. அப்படியே விட்டேன்.

இதற்குப் பிறகுதான் விபத்து. அரைப் பளபளப்பு வார்னிஷ் காய்ந்தபின் ஆணித் தலைகளையும் இடுக்குகளையும் எடுத்துக்காட்ட அடர் பழுப்பு வாஷ் (தின்னர் நிறையக் கலந்த பெயின்ட்) வைத்தேன். மேலே ஒழுங்காக, நுனிப் பிரஷ்ஷால் வைத்தேன். அடிப்பக்கத்தில் யார் பார்க்கப் போகிறார்கள் என்று தாராளமாக ஓடவிட்டேன். மறுநாள் காலை டாங்கி ஒரு பக்கம் சாய்ந்திருந்தது. சக்கரத்தைத் தாங்கும் கைகளில் இரண்டு, வேரோடு பட்டென்று முறிந்திருந்தன. வாஷிலுள்ள தின்னர் பெயின்ட் படாத துளைகளுக்குள் தேங்கியிருக்கிறது. இறுக்கமாகச் செருகிய பிளாஸ்டிக் ஏற்கெனவே இழுபட்டு நிற்கும். அந்த இடத்தில் தின்னர் ஊறினால் கண்ணாடி போல் வெடித்துவிடும். மனசு ரொம்பவே விழுந்துபோனது. 0.8 மில்லிமீட்டர் துளை போட்டுப் பித்தளை ஊசி வைத்து இரண்டையும் நிமிர்த்த ஒரு முழு நாள் ஆனது. வாஷ் வைப்பவர்கள் இதை மட்டும் நினைவில் வையுங்கள்: பிரைமர் போகாத இடத்துக்கு தின்னர் போகக் கூடாது, தேங்கியதை உடனே பஞ்சுக்குச்சியால் உறிஞ்சி எடுத்துவிட வேண்டும்.

தேய்மானத்துக்குக் கிழித்த ஸ்பாஞ்சுத் துண்டைத்தான் நம்பினேன். முதலில் வெளிறிய பச்சையில் ஒற்றினேன். அது மேற்பூச்சு மட்டும் உரசப்பட்ட இடம். அதில் சிலவற்றின் நடுவில் மட்டும் நுனிப் பிரஷ்ஷால் அடர் பழுப்புப் புள்ளி. அது உலோகம் வரை போன காயம். இன்ஜின் மேல்தகட்டின் விளிம்பு, ஹேட்ச் (ஏறி இறங்கும் மூடி) ஓரம், கைப்பிடிகளின் கீழ், டிரைவர் ஏறி இறங்கும் முன் தகடு ஆகிய இடங்களில் மட்டும் வைத்தேன். யாரும் தொடாத நடுத்தகட்டில் எதுவும் இல்லை.

ஓட்டத்தில் வெள்ளைப் பட்டையிலும் அதே அளவு தேய்மானம் வைத்துவிட்டேன். இரண்டு நாள் ஏதோ உறுத்திக்கொண்டே இருந்தது, என்னவென்று பிடிபடவில்லை. பிறகுதான் புரிந்தது. பச்சைக்கு வயது நான்கு மாதம், வெள்ளைக்குச் சில நாள்தான். இரண்டும் ஒரே மாதிரி எப்படித் தேயும்? வெள்ளையை மறுபடி பூசினேன். கைப்பிடி ஓரத்தில் இரண்டு உரசல், மற்றபடி புகையும் தூசியும் மட்டும். இதை மாற்றிய நிமிடத்தில் டாங்கி எனக்கு நிஜமாகத் தெரிந்தது. பழைய பச்சையின் காயத்துக்கு மேலேயே புது வெள்ளை ஓடுவது இரண்டு மூன்று இடங்களில் தெரிகிறது. இந்த மாடலில் எனக்கு ரொம்பப் பிடித்த இடம் அதுதான்.

எண்ணெய் வண்ணங்களை அட்டைத் துண்டில் அரைமணி நேரம் வைத்து ஆளிவிதை எண்ணெயை உறிஞ்சவிட்ட பிறகே எடுத்தேன். இல்லையென்றால் பளபளப்பும் தங்கும், காயவும் நாளாகும். பக்கத் தகடுகளில் பொட்டுப் பொட்டாக வைத்து, ஒயிட் ஸ்பிரிட் தின்னரில் தோய்த்துத் துடைத்த தட்டைப் பிரஷ்ஷால் மேலிருந்து கீழாக இழுத்தால் மழைநீர் வழிந்த தடம். டீசல் பீப்பாய்களின் மூடியைச் சுற்றி மட்டும் கறுப்புக் கலந்த பழுப்பு, கொஞ்சம் பளபளப்போடு. பின்தகட்டில் இரண்டு புகைபோக்கிகளுக்கும் துருச் சாயல் கொடுத்தேன். சூடேறி ஆறும் இரும்பு, அங்கே நான்கு மாதத்தில் துரு வரும். வண்டி முழுவதிலும் துரு தெரிவது அங்கேயும் சங்கிலியிலும்தான்.

சங்கிலியிலும் ஆரஞ்சு இல்லை. அது மாங்கனீசு எஃகு. ஓடும் வண்டியில் அடர் பழுப்பாக இருக்கும், தரையில் உரசும் இடங்கள் மினுங்கும். அடர் பழுப்புக்கு மேல் மண் நிறப் பிக்மெண்ட் (வண்ணப் பொடி) தூவி, ஒயிட் ஸ்பிரிட் விட்டு நிலைநிறுத்தினேன். காய்ந்தபின் மேடுகளைத் துடைத்துவிட்டு மெல்லிய பென்சில் கரியால் தேய்த்தேன். உருளைகள் இழுக்கும் பற்களின் முகத்துக்கும் அதே கரி.

தூசியில் நிறைய நேரம் போனது. செங்கல்லும் சுண்ணாம்பும் இடிந்து கிடக்கும் நகரத்தின் தூசி சாம்பல் கலந்த வெளிறிய நிறம். கிழக்கே வயல்வெளியில் ஒட்டிக்கொண்டு வந்த சேறு அடர் பழுப்பு. சேறு பழசு, தூசி புதுசு. அதனால் முதலில் சக்கர இடுக்குகளிலும் பின்தகட்டிலும் சேறு, அது நன்றாகக் காய்ந்த பிறகு எல்லாவற்றுக்கும் மேலே மெல்லிய தூசி. பிக்மெண்டைச் சல்லடையில் சலித்துத்தான் எடுத்தேன். ஒரு மில்லிமீட்டர் பருக்கை தங்கினால்கூட டாங்கியின் மேல் எலுமிச்சை அளவு கல் உட்கார்ந்திருப்பது போல் ஆகிவிடும்.

இன்று மேட் வார்னிஷ் அடித்து முடித்தேன். அடித்ததும் தூசி பாதி மறைந்து இருண்டு போனது. மேல்தகடுகளில் மட்டும் இன்னொரு முறை உலர்பிக்மெண்ட் தூவியிருக்கிறேன், இதன் மேல் வார்னிஷ் கிடையாது. இழுவைக் கேபிளுக்குச் செப்புக் கம்பிகளைச் சூடாக்கி இளக்கி முறுக்கி வைத்திருக்கிறேன். அதைப் பொருத்துவதும் முன்விளக்கின் கண்ணாடியை ஒட்டுவதும்தான் மீதி. டரட்டின் இடப்பக்கக் கைப்பிடி ஒன்றில், ஏறி இறங்கும் கைகள் பட்டதுபோல் பித்தளை மஞ்சளாகத் தெரிய ஆரம்பித்துவிட்டது. என் விரல்கள் தேய்த்ததுதான். அசலில் அந்தக் கம்பி எஃகு, மஞ்சள் காட்டக் கூடாது. நாளை அதற்கு ஒரு தொடுப்பு அடர் சாம்பல் வைத்துவிட்டு, கேபிளை எடுப்பேன்.