குமரகிரிப் படிகளும் என் முழங்காலும்

ஜனவரி 6, 2025
கொலுசுப் பட்டறையில் காலை மடக்கி உட்கார்ந்தால் மதியச் சாப்பாட்டுக்குத்தான் எழுந்திருப்பது. வருடக் கணக்காக இப்படியே ஓடிவிட்டது. போன வாரம் எடுத்த ரத்தப் பரிசோதனையில் மூன்று மாதச் சராசரிச் சர்க்கரை அளவு (HbA1c) 6.1 சதவீதம். 5.7-க்குக் கீழே இருந்தால் நல்லது, 6.5 வந்துவிட்டால் நீரிழிவு. எடை 74 கிலோ, இடுப்புச் சுற்றளவு 94 செ.மீ. நம் ஊர்ப் பெண்களுக்கு 80-ஐத் தாண்டக் கூடாதாம். "மாத்திரை இப்ப வேண்டாம், நடங்கம்மா" என்றார் டாக்டர்.

ஜனவரி 9
நாத்தனாரும் கூட வருகிறார். விடியும் முன்னே வாசலில் வந்து நின்று, "வாங்கண்ணி, வெயில் வந்துரும்" என்கிறார். வேகத்துக்கு ஒரு கணக்கு வைத்திருக்கிறோம்: நடக்கும்போது பேச முடிய வேண்டும், பாட முடியக் கூடாது. இந்த வேகத்தில் வாரத்துக்கு 150 நிமிடம் நடந்தால் போதும் என்று உலகச் சுகாதார நிறுவனம் சொல்கிறது. ஒரே மூச்சாக நடக்க முடியாதவர்கள் காலையில் கொஞ்சம், மாலையில் கொஞ்சம் என்று பிரித்துக்கொள்ளலாம்.

ஜனவரி 20
எடை ஒன்றரைக் கிலோ குறைந்திருக்கிறது. வீட்டில் எல்லோருக்கும் சந்தோஷம். ஆனால் இதில் பெரும்பகுதி நீர்தான். உடம்பு சேமித்து வைத்திருக்கும் மாவுச்சத்து கிராமுக்குச் சுமார் மூன்று கிராம் நீரைப் பிடித்து வைத்திருக்கும். சோற்றைக் குறைத்ததும் அந்த நீர் முதலில் போகிறது. ஒரு கிலோ கொழுப்பு கரைய ஏறக்குறைய 7,700 கலோரி செலவாக வேண்டும். அதனால் மெதுவாகத்தான் இறங்கும். இது தெரியாமல்தான் பலர் ஆரம்பித்த மூன்றாவது வாரத்திலேயே மனம் விட்டுவிடுகிறார்கள்.

பிப்ரவரி 12
நேற்று தைப்பூசம். எங்கள் சேலத்துக் குமரகிரி முருகன் கோவில் மலை மேலே நடந்தே ஏறினோம். நின்று நின்று ஏறியதில் மூச்சு சமாளித்துவிட்டது. இறங்கும்போதுதான் தொடை நடுங்கியது. இன்று உட்கார்ந்து எழுந்தாலே வலி. இறங்கும்போது தொடைத் தசை நீண்டுகொண்டே உடம்பின் பாரத்தைத் தாங்குகிறது. பழக்கமில்லாத தசைக்கு அதுதான் கடினமான வேலை. இந்த வலி ஒன்றிரண்டு நாளில் உச்சத்துக்குப் போய்த் தானாகக் குறையும். பயப்பட வேண்டியதில்லை. மூட்டு வீங்கினாலோ, குத்துகிற மாதிரி வலித்தாலோ மட்டும் காட்டிவிட வேண்டும்.

பிப்ரவரி 25
சாப்பாடு பற்றியும் கொஞ்சம் எழுதி வைக்கிறேன். ஜவ்வரிசி நம் ஊர்ச் சரக்கு, சேலத்தைச் சுற்றி மரவள்ளி விளையாத பக்கம் குறைவு. அதன் மேல் எனக்குத் தனிப் பிரியம் உண்டு. ஆனாலும் அது முழுக்க மாவுச்சத்து, புரதம் இல்லை என்றே சொல்லலாம். அதனால் ஜவ்வரிசி உப்புமாவை மாதம் ஒரு நாளைக்கு மாற்றிவிட்டேன். காலையில் இரண்டு முட்டை (ஒன்றில் ஆறு கிராம் புரதம்), இல்லாவிட்டால் பச்சைப்பயறு சுண்டல். தட்டுவடை செட் (இரண்டு தட்டுவடைக்கு நடுவே காய்கறியும் சட்னியும் வைத்தது) ஞாயிற்றுக்கிழமைக்கு மட்டும். அதை முழுசாக விடச் சொன்னால் நான் சேலத்துக்காரியே இல்லை.

மார்ச் 21
எடைத்தராசு 72-லேயே நிற்கிறது. ஆனால் ரவிக்கை தளர்ந்துவிட்டது, இடுப்பு 90. காலையில் எழுந்ததும் பார்க்கும் நாடித்துடிப்பு 86-லிருந்து 77-க்கு வந்திருக்கிறது. இதயம் ஒரு துடிப்பில் முன்னைவிட அதிக ரத்தத்தைத் தள்ளுகிறது என்று அர்த்தம். தராசு மட்டுமே பார்ப்பவர்களுக்கு இந்த மாற்றமெல்லாம் கண்ணில் படாது. பல வருடம் அசையாமல் இருந்த உடம்பில் முதலில் திரும்பி வருவது மூச்சும் காலும்தான். எடை அப்புறம் வரும்.

நடையோடு இப்போது நாற்காலிப் பயிற்சியும் சேர்ந்திருக்கிறது. கையை ஊன்றாமல் எழுந்து, மெதுவாக உட்கார வேண்டும். உட்காருவதை எவ்வளவு மெதுவாகச் செய்கிறோமோ அவ்வளவு நல்லது. அன்றைக்குக் குமரகிரியில் நடுங்கிய அதே தசைக்குத்தான் இது. தசை சீக்கிரம் பலப்படும், தசைநார் பலப்பட மாதக்கணக்கில் ஆகும். அதனால் எண்ணிக்கையை வாரத்துக்குக் கொஞ்சமாகவே கூட்டுகிறேன். பட்டறையிலும் மணிக்கு ஒரு தடவை எழுந்து வாசல் வரை போய் வருகிறேன். மற்ற பெண்களும் எழுந்து வர ஆரம்பித்துவிட்டார்கள்!

ஏப்ரல் 14
சித்திரைப் பிறப்பு. பரிசோதனை முடிவு வந்தது: 5.8. இன்னும் எல்லைக்குள் வரவில்லை, ஆனால் இறங்கியிருக்கிறது. எடை 71. மாம்பழம் சாப்பிடலாமா என்று டாக்டரிடம் கேட்டேன். சாப்பாட்டுக்கு மேலே வேண்டாம், சோற்றைக் குறைத்துக்கொண்டு இரண்டு துண்டு எடுத்துக்கொள்ளலாம் என்றார். சரி, அது போதும்.

ஏப்ரல் 27
ஏற்காடு போனோம். இருபது கொண்டை ஊசி வளைவையும் பஸ்ஸில் ஏறி, ஏரியைச் சுற்றிவிட்டு லேடீஸ் சீட் காட்சிமுனை வரை நடந்தோம். திரும்பும் வழி இறக்கத்தில் தொடை நடுங்கவில்லை, அதைத்தான் முக்கியமாகக் கவனித்தேன். கோடை விழாக் கூட்டம் வருவதற்குள் சேர்வராயன் கோவில் வரை நடந்துவிடலாம் என்கிறார் நாத்தனார். அது இதைவிட நல்ல தூரம். போகும்போது நடந்து, வரும்போது வண்டி பிடிப்பதாகப் பேசி முடித்திருக்கிறோம்.