நத்தை ஆற்றூரில் ஒரு வேனுக்கு வயர் இழுத்தேன்

தாலிச் சங்கிலியைக் கழற்றி அத்தை கையில் கொடுத்துவிட்டு, கழுத்தில் மஞ்சள் கயிறு கட்டிக்கொண்டுதான் அந்த வேலையைத் தொடங்கினேன். யோசனை அத்தையுடையதுதான். "பேட்டரி மேல குனியறப்ப சங்கிலி தொங்குமே, அது பட்டா என்ன ஆகும்?" என்று கேட்டார். இரண்டு முனைகளிலும் ஒருசேரப் பட்டால் சங்கிலி கண் இமைக்கும் நேரத்தில் பழுக்கக் காய்ந்துவிடும், கழுத்துச் சதை வெந்துவிடும் என்று சொன்னேன். அவர் ஒன்றும் பேசாமல் சாமி அறைக்குப் போய் ஒரு மஞ்சள் கயிற்றை எடுத்து வந்தார். தாலியை அதில் கோத்து ரவிக்கைக்குள் விட்டுக்கொண்டேன். வளையல்களும் மோதிரமும் அவருடைய சுருக்குப் பைக்குள் போயின.

கோவில்பட்டியில் பாலிடெக்னிக்கில் மின்சாரம் படித்து, மோட்டார் காயில் கட்டும் பட்டறையில் நான்கு வருஷம் வேலை பார்த்தவள் நான். கல்யாணமாகி மலேசியாவின் பேராக் மாநிலத்தில் இருக்கும் சுங்கை சிப்புட்டுக்கு வந்தேன். ஊர்ப் பெயருக்கு மலாயில் நத்தை ஆறு என்று அர்த்தம். ஈப்போவுக்கு வடக்கே, சுற்றிலும் ஒரு காலத்தில் ரப்பர் பால் மரங்களும் இப்போது பெரும்பாலும் செம்பனையும் நிற்கிற ஊர். 1948 ஜூன் 16 அன்று இந்தப் பக்கத்துத் தோட்டங்களில் மூன்று வெள்ளைக்கார துரைகள் சுடப்பட்ட பிறகுதான் மலாயாவில் அவசரகாலம் அறிவிக்கப்பட்டது. மலேசிய இந்தியர் காங்கிரஸின் தலைவராக இருந்த துன் சம்பந்தனின் ஊரும் இதுதான். தோட்டங்கள் துண்டுதுண்டாக விற்கப்பட்டபோது தொழிலாளர்களே சேர்ந்து தோட்டம் வாங்கட்டும் என்று 1960இல் அவர் தொடங்கிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தைப் பற்றி மாமா இன்றும் தழுதழுத்த குரலில்தான் பேசுவார்.

வந்த முதல் வருஷம் எனக்குக் கை கட்டிப்போட்ட மாதிரி இருந்தது. துணைவர் விசாவில் இருந்தேன். வீட்டு மின்சார வேலை செய்ய இங்கே எரிசக்தி ஆணையத்தில் பதிவு பெற்ற வயர்மேனாக இருக்க வேண்டும். என் சான்றிதழ் பீரோவில் கிடந்தது. காலைச் சாப்பாட்டைப் பசியாறல் என்றும், பணத்தை வெள்ளி என்றும் சொல்லப் பழகிக்கொண்டேன். பிளக் கூட வேறு. நம் ஊரில் உருண்டை முள். இங்கே சதுர முள், அதற்குள்ளேயே 13 ஆம்பியர் பியூஸ் ஒன்று. முதன்முதலாக ஒரு பிளக்கைத் திறந்து அந்தக் குட்டி பியூஸைப் பார்த்தபோது, இந்த ஊர்க்காரர்கள் வயரை மதிக்கிறவர்கள் என்று தோன்றியது.

அப்போதுதான் கொழுந்தன் பழைய வேன் ஒன்றை வாங்கி வந்தான். குடும்பமாகத் தங்கிப் போகிற மாதிரி அதை மாற்ற வேண்டும், உள்ளே படுக்கை, பிரிட்ஜ், விசிறி, அத்தைக்கு மிக்ஸி. "அண்ணி, நீங்க கரண்டு படிச்சவங்கதானே, செஞ்சு குடுங்களேன். வெறும் 12 வோல்ட்டுதான் லா, ஷாக் கூட அடிக்காது."

அந்த 'வெறும்' எனக்கு உறுத்தியது. ஷாக் அடிக்காது என்பது உண்மைதான். ஆனால் வோல்ட் குறைந்தால் அதே வேலைக்கு ஆம்பியர் கூடும். 1500 வாட் இழுக்க வீட்டில் ஆறேழு ஆம்பியர் போதும். 12 வோல்ட்டில், இன்வெர்ட்டரில் வீணாகிறதையும் சேர்த்தால், 140 ஆம்பியர் போகும். வெல்டிங் பட்டறையில் ஓடுகிற கரண்டு அது. அதைக் குழந்தைகள் படுத்துத் தூங்கும் கட்டிலுக்கு அடியில் ஓட விடப் போகிறோம்.

வேனின் பக்கத் தகட்டைக் கழற்றியதும் நான் பயந்ததே கண்ணில் பட்டது. முன்பு வைத்திருந்த யாரோ பாட்டுப் பெட்டிக்காக பேட்டரியிலிருந்து நேராக ஒரு சிவப்பு வயரை இழுத்திருந்தார்கள். வழியில் பியூஸ் கிடையாது. தகட்டில் துளை போட்டு, ரப்பர் வளையம் மாட்டாமல், அப்படியே நுழைத்திருந்தார்கள். துளையின் ஓரம் கத்தி மாதிரி இருந்தது. வண்டி குலுங்கிக் குலுங்கி, வயரின் மேல்தோல் அரிந்து, உள்ளே தாமிர இழைகள் நாலைந்து பளபளவென்று வெளியே தெரிந்தன. தகடு என்பது வண்டியின் உடம்பு, அதாவது பேட்டரியின் நெகட்டிவ். இன்னும் ஒரு மயிரிழை அரிந்திருந்தால் போதும். கொழுந்தனைக் கூப்பிட்டு அந்த இடத்தை விரலால் தொட்டுப் பார்க்கச் சொன்னேன். அதற்குப் பிறகு அவன் 'வெறும் 12' என்று சொல்லவில்லை.

மாமாவிடம் போய் உட்கார்ந்தேன். அவர் பால் வெட்டியவர், பிறகு மண்டோராக, அதாவது கங்காணியாக, இருந்து ஓய்வு பெற்றவர். மின்சாரம் படிக்காதவர், ஆனால் பேட்டரி அவருக்கு அத்துபடி. விடியுமுன் நெற்றியில் விளக்கு கட்டிக்கொண்டு மரத்துக்குப் போனவர். லயத்தில், அதாவது தோட்டத்து வரிசை வீடுகளில், மின்சாரம் வராத காலத்தில் கறுப்பு வெள்ளை டிவியை கார் பேட்டரியில் ஓட்டினார்களாம். பேட்டரியை சைக்கிள் பின்னால் கட்டிக்கொண்டு டவுனுக்குப் போய் சார்ஜ் ஏற்றி வருவாராம். "பேட்டரி இறங்கறது எப்படித் தெரியும் தெரியுமா? படம் ரெண்டு பக்கமும் சுருங்கும். எம்.ஜி.ஆர். ஒல்லியாயிட்டா, நாளைக்கு டவுனுக்குப் போவணும்னு அர்த்தம்." அந்த பேட்டரிக்கும் நான் வாங்கச் சொன்ன லித்தியம் இரும்பு பாஸ்பேட்டுக்கும் உள்ள வித்தியாசத்தை அவருக்குச் சொல்லும்போதுதான் எனக்கே தெளிவாக விளங்கியது. ஈயப் பேட்டரி இறங்க இறங்க வோல்ட்டும் இறங்கும். லித்தியம் பாதிக்கு மேல் தீர்ந்த பிறகும் 13 வோல்ட் அளவிலேயே நிற்கும், பிறகு மளமளவென்று விழும். ஆகவே மீட்டரை வைத்து வோல்ட் பார்த்துப் பயனில்லை. போகிற வருகிற ஆம்பியரை எண்ணிக் கணக்கு வைக்கும் ஷன்ட் ஒன்று நெகட்டிவ் பக்கத்தில் வேண்டும்.

சாப்பாட்டு மேசையில் கணக்குப் போட்டோம். பிரிட்ஜ் விட்டு விட்டு ஓடினாலும் இந்த வெயிலுக்கு ஒரு நாளைக்கு 540 வாட்-மணி. விசிறி இரவு முழுவதும் 250. விளக்கு 50, போன்கள் 60. 400 வாட் ரைஸ் குக்கர் அரை மணி நேரம், 200. மொத்தம் 1100. பேட்டரி 200 ஆம்பியர்-மணி, 12.8 வோல்ட்டால் பெருக்கினால் 2560. முழுவதும் வழித்துத் துடைக்காமல் ஏறக்குறைய இரண்டு நாள் தாங்கும். கூரையில் 400 வாட் சோலார். நல்ல வெயில் நான்கு மணி நேரம் என்று வைத்து, வீணாவதைக் கழித்தால் ஒரு நாள் செலவு அன்றே திரும்பிவிடும். ஆனால் பேராக்கில் மூன்று மணிக்கு மழை வராத நாள் எத்தனை? அதனால் வண்டி ஓடும்போதும் சார்ஜ் ஏற வேண்டும். கொழுந்தன் இன்ஜின் பேட்டரியிலிருந்து நேராக ஒரு தடித்த வயர் போட்டால் போதாதா என்றான். லித்தியம் பேட்டரி தாகம் பிடித்த மாடு மாதிரி, கொடுப்பதையெல்லாம் குடிக்கும். இன்ஜினோடு சுழன்று கரண்டு தருகிற ஆல்டர்னேட்டர் சூடேறிக் கருகிவிடும். நடுவில் 30 ஆம்பியருக்கு மேல் விடாத டிசி-டிசி சார்ஜர் ஒன்றை வைத்தோம்.

படத்தை வரைந்து மாமாவிடம் காட்டினேன். பேட்டரியின் பாசிட்டிவ் முனையிலிருந்து ஒரு சாண் தூரத்துக்குள் பெரிய பியூஸ். அதற்கப்புறம்தான் மற்றதெல்லாம். மாமா கேட்டார்: "பியூஸ் எதுக்கும்மா, சாமானைக் காப்பாத்தவா?" இல்லை, வயரைக் காப்பாற்ற. வயர் தாங்குகிற ஆம்பியரைவிட பியூஸ் குறைவாக இருக்க வேண்டும், ஓடுகிற ஆம்பியரைவிடக் கூடுதலாக இருக்க வேண்டும். பியூஸ் தள்ளி இருந்தால், பேட்டரிக்கும் பியூஸுக்கும் நடுவே இருக்கிற வயருக்குக் காவல் கிடையாது. 50 சதுர மில்லிமீட்டர் வயருக்கு 175 ஆம்பியர் கிளாஸ் டி (Class T) பியூஸ் போட்டோம். அது விலை அதிகம். கொழுந்தன் மலிவான ஒன்றைக் காட்டினான், நான் விட்டுக்கொடுக்கவில்லை. லித்தியம் பேட்டரி ஷார்ட் ஆனால் ஆயிரக்கணக்கான ஆம்பியர் பாயும். மட்டமான பியூஸ் உருகினாலும் அந்த இடைவெளியில் தீப்பொறி நின்று எரிந்துகொண்டே இருக்கும். கிளாஸ் டி 20,000 ஆம்பியரையும் அறுக்கக்கூடியது. வீட்டு ட்ரிப் சுவிட்சான எம்சிபியை இங்கே போடக் கூடாது என்பதற்கும் அதே காரணம்தான். வீட்டு கரண்டு விநாடிக்கு 100 தடவை பூஜ்யத்தைத் தொட்டுப் போகும், அந்த நொடியில் பொறி தானாக அணையும். பேட்டரி கரண்டு பூஜ்யத்துக்கு வருவதே இல்லை.

வயர் தடிமன் சூட்டுக்காக மட்டும் பார்ப்பதல்ல. பிரிட்ஜ் பேட்டரியிலிருந்து நான்கு மீட்டர், போய்வர எட்டு. 1.5 சதுர மில்லிமீட்டர் வயரில் 5 ஆம்பியர் ஓடினால் கிட்டத்தட்ட அரை வோல்ட் வழியிலேயே போய்விடும். 230இல் அரை வோல்ட் தூசி. 12இல் பிரிட்ஜ் மக்கர் பண்ணத் தொடங்கும். 4 சதுர மில்லிமீட்டர் போட்டதும் இழப்பு 0.2 வோல்ட்டுக்குக் கீழே இறங்கிவிட்டது.

வயர் முனையில் லக், அதாவது போல்ட்டில் முறுக்குகிற தாமிர வளையம், மாட்டும் வேலையை மாமாவுக்குக் கொடுத்தேன். மரப்பட்டையில் கத்தியை எவ்வளவு ஆழம் இறக்கலாம், எங்கே நிறுத்தலாம் என்று முப்பது வருஷம் பழகிய கை அது. ஒரு தாமிர இழைகூட வெட்டுப்படாமல் வயரின் தோலை மட்டும் உரித்தார். ஹைட்ராலிக் கிரிம்பரில் வைத்து அழுத்தினார். ஈயம் வைத்துப் பற்றவைக்கலாமே என்று பக்கத்து வீட்டு அண்ணன் சொன்னார். ஓடுகிற வண்டியில் ஈயம் முடிகிற இடத்தில் வயர் விறைத்து, குலுக்கலில் முறிந்துவிடும். அழுத்திய ஒவ்வொரு லக்கையும் மாமா ஒரு முனையில், நான் மறுமுனையில் பிடித்து இழுத்துப் பார்த்தோம். ஒன்று கழன்று வந்தது. மாமா முகம் வாடிவிட்டது. வயருக்கு ஒரு சைஸ் பெரிய லக்கை எடுத்துக் கொடுத்தது நான்தான் என்று சொன்ன பிறகுதான் சமாதானமானார்.

இன்வெர்ட்டரிலிருந்து வரும் 230 வோல்ட் பக்கத்தை நான் தொடவில்லை. டவுனில் மின்சாமான் கடை வைத்திருக்கிற சீனப் பெரியவர், பதிவு பெற்ற வயர்மேன், நம்மைப் போலவே தமிழ் பேசுவார், அவர் வந்தார். அந்த லைனில், கரண்டு எர்த்துக்குக் கசிந்தால் தானாக விழுந்து அறுக்கிற 30 மில்லியாம்பியர் ஆர்சிடி போட்டிருந்தோம். நான் டெஸ்ட் பட்டனை அழுத்திக் காட்டினேன், டக்கென்று விழுந்தது. அவர் தலையை ஆட்டிவிட்டு ஒரு டெஸ்டரை சாக்கெட்டில் சொருகி அழுத்தினார். விழவில்லை. எனக்கு வியர்த்துவிட்டது. பட்டன் தன் உள்ளேயே ஒரு கசிவை உண்டாக்கிச் சோதிக்கிறது, எர்த் வழியைச் சோதிப்பதில்லை. அந்த இன்வெர்ட்டரில் நியூட்ரல் எதிலும் சேராமல் மிதந்துகொண்டிருந்தது. எர்த்துக்குக் கசிகிற கரண்டு திரும்பி வர வழியே இல்லாதபோது ஆர்சிடி எதைப் பார்த்து விழும்? கையேட்டை எடுத்துப் படித்து, அந்த மாடலில் அனுமதி உண்டு என்று உறுதி செய்துகொண்ட பிறகே நியூட்ரலையும் எர்த்தையும் ஓர் இடத்தில் இணைத்தார், எர்த்தை வண்டி உடம்போடும் சேர்த்தார். வெளிக் கரண்டு சொருகும்போது அந்த இணைப்பு தானாக விலகவும், இரண்டும் ஒருபோதும் ஒன்று சேராமல் இருக்கவும் மாற்று சுவிட்ச் வைத்தார். படித்த காலத்தில் கற்காத ஒன்றை அன்று கால் மணி நேரத்தில் கற்றேன். கிளம்பும்போது, "உன் டிசி வேலை சுத்தமா இருக்கு. இந்த ஊர்ல வயர்மேன் சான்று எடுக்கப் பாரு" என்றார். யாரும் என்னிடம் அப்படிச் சொன்னதில்லை.

முதல் நாள் வாசலிலேயே சோறு பொங்கிப் பார்த்தோம். பத்து நிமிஷம் கழித்து ஒவ்வோர் இணைப்பாகக் கை வைத்துப் பார்த்தேன். நெகட்டிவ் வயர்கள் எல்லாம் வந்து சேரும் தாமிரப் பட்டையில், அதாவது பஸ்பாரில், ஒரு லக் சுட்டது. அணைத்துவிட்டுக் கழற்றினால், அவசரத்தில் நானே லக்குக்கும் பஸ்பாருக்கும் நடுவில் ஒரு எவர்சில்வர் வாஷரை வைத்திருக்கிறேன். தாமிரம் தாமிரத்தின் மேல் நேராகப் படிய வேண்டும், வாஷர் அதற்கு மேலே வர வேண்டும். எவர்சில்வர் கரண்டைச் சரியாகக் கடத்தாது, அதனால்தான் சூடு. மாற்றி முறுக்கிய பிறகு வெதுவெதுப்புகூட இல்லை. அன்றிலிருந்து வாரம் ஒருமுறை எல்லா நட்டுகளையும் தொட்டுப் பார்ப்பது மாமாவின் வேலை.

மாசி மகத்துக்கு பங்கோர் தீவுக் காளியம்மன் கோயிலுக்குப் போனோம். வேனை லூமுட்டில் நிறுத்தி அங்கேயே இரவு தங்கினோம், காலையில் படகு. அத்தை உள்ளேயே மிக்ஸியில் தேங்காய்ச் சட்னி அரைத்தார். பிள்ளைகள் அதே கட்டிலில் தூங்கின, அதற்கு அடியில் அதே பேட்டரி. விசிறி ஓடிக்கொண்டிருந்தது. நடு இரவில் மாமா எழுந்து, மீதி சார்ஜைச் சதவீதத்தில் காட்டும் ஷன்டின் சின்னத் திரையை உற்றுப் பார்ப்பது தெரிந்தது.

"எவ்வளவு மாமா?"

"எழுபத்தெட்டு. படம் சுருங்கலம்மா, தூங்கு."