முன்னால் இழுக்க ஓர் இடம்

காம்பாக்ட் எஸ்யூவி வைத்திருப்பவர்கள் மண்பாதையில் இறங்குவதற்கு முன்னால் வண்டியின் முன்பக்கம் குனிந்து ஒரு கேள்வி கேட்டுக்கொள்ள வேண்டும். சிக்கிக்கொண்டால் ஸ்ட்ராப்பை எங்கே மாட்டுவது? பெரும்பாலான வண்டிகளில் இதற்குப் பதில், ஜாக்கிக்குப் பக்கத்தில் துணியில் சுற்றிக் கிடக்கும் ஒற்றைத் திருகு வளையம்தான். பம்பரில் உள்ள சின்ன மூடியைக் கழற்றி அதை உள்ளே திருகிக்கொள்ளலாம். நின்றுபோன வண்டியைத் தார்ச்சாலையில் மெதுவாக இழுக்கவும், லாரியின் தளத்தில் ஏற்றவும் செய்யப்பட்ட பொருள் அது. நேராக இழுக்கும்வரை தாங்கும். பக்கவாட்டில் இழுத்தால் அதன் தண்டு வளையும். சேற்றில் பாதிச் சக்கரம் புதைந்த வண்டியை அதைப் பிடித்து இழுப்பது எனக்கு எப்போதுமே ஒப்பாத காரியம்.

அடியில் இன்னொரு வகைக் கொக்கிகளும் இருக்கும், மெல்லிய தகட்டில் ஓட்டை போட்டது போல. பலர் அவற்றை இழுவைக் கொக்கி என்று நம்புகிறார்கள். வண்டியைக் கப்பலிலோ லாரியிலோ ஏற்றும்போது ஆடாமல் கீழ்நோக்கிக் கட்டி வைப்பதற்கானவை அவை. முன்னோக்கி வரும் இழுவைக்கு அவை பொருந்தாது.

எங்கள் பயணக் கூட்டத்தில் மற்ற வண்டிகள் ஏணிச் சட்டகத்தின் மேல் கட்டியவை. அவற்றுக்குக் கனமான இரும்புச் சட்டம் முன்னிருந்து பின்வரை ஓடுகிறது. அதன் நுனியிலேயே கொக்கி போட்டுவிடலாம். என்னுடையது மோனோகாக். தகடுகளை மடித்து ஒட்டிய கூடே வண்டியின் எலும்பும் தோலும். ஏரிக்கரை ஓரமாகக் களிமண் தடத்தில் போய், அப்புறம் வறண்ட ஆற்றுமணலைக் கடந்து மறுகரை ஏறும் பயணம் ஒன்றைத் திட்டமிட்டபோது, முன்பக்கம் இழுக்க உறுதியான ஓர் இடம் அமைக்காமல் கிளம்புவதில்லை என்று முடிவு செய்தேன். சிக்கிய வண்டியை வந்த வழியே பின்னால் எடுப்பதுதான் வழக்கமாக நல்லது, அந்த நிலம் ஏற்கெனவே நம்மைத் தாங்கிய நிலம் என்பதால். ஆனால் ஒற்றைத் தடத்தில் பின்னால் வருகிற வண்டியும் அதே சேற்றில் நிற்கும்போது, கெட்டித் தரையை எட்டிவிட்ட முன்வண்டியால் மட்டுமே இழுக்க முடியும்.

முதலில் கணக்கு. ராணுவ மீட்புப் பயிற்சிகளில் பழைய விதி ஒன்று உண்டு. சக்கர ஆழத்துக்குப் புதைந்த வண்டியை நகர்த்த அதன் எடை அளவுக்கு விசை வேண்டும். மட்கார்டு வரை இறங்கிவிட்டால் இரண்டு மடங்கு. பயணச் சாமான், தண்ணீர், ஆட்கள் எல்லாம் சேர்ந்து என் வண்டி ஏறக்குறைய 1,900 கிலோ. அப்படியானால் நாலு டன் வரை யோசித்தாக வேண்டும். எலாஸ்டிக் போல நீளும் கைனடிக் கயிற்றில் எடுத்தால் கணக்கு இன்னும் கடுமையாகும். இழுக்கும் வண்டி 2,000 கிலோ என்று வையுங்கள். மணிக்கு 10 கிலோமீட்டரில் அது கிளம்பினால் கயிற்றுக்குள் போகும் ஆற்றல் சுமார் 7.7 கிலோஜூல். வேகத்தை 20 ஆக்கினால் சுமார் 31 கிலோஜூல். வேகம் இரட்டித்தால் ஆற்றல் நான்கு மடங்கு. 'கொஞ்சம் வேகமா வாங்கண்ணே' என்று கூவுகிறவர்களைப் பார்த்தால் எனக்குப் பயம் வருவது இதனால்தான்.

இந்த விசை வண்டிக்குள் எந்த வழியாகப் போகிறது என்பதுதான் முழு விஷயமும். கொக்கி எவ்வளவு தடிமன் என்று எல்லோரும் கேட்கிறார்கள். கொக்கிக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்று கேட்பவர்கள் குறைவு. தலையில் 8.8 என்று வலிமைத் தரம் குறித்த எம்12 போல்ட் (12 மில்லிமீட்டர் விட்டம்) ஏறக்குறைய 5 டன் இழுவையை நிரந்தரமாக நீளாமல் தாங்கும், 10.9 என்றால் சுமார் 7 டன். இந்த எண்களைப் பார்த்ததும் மனம் நிம்மதியாகிவிடும். ஆனால் அந்த போல்ட் உட்கார்ந்திருக்கும் முன் சட்டத்தின், அதாவது கூட்டின் முன்பக்கம் நீளும் பெட்டிச் சட்டத்தின், தகடு 2 மில்லிமீட்டர்தான் என்றால்? 10 மில்லிமீட்டர் போல்ட் பக்கவாட்டில் அழுத்தும்போது அந்தத் தகட்டில் அதைத் தாங்கும் பரப்பு வெறும் 20 சதுர மில்லிமீட்டர். போல்ட் உடையாது, துளை நீளும், அப்புறம் கிழியும். ஆகவே விசையைப் பல இடங்களுக்குப் பரப்ப வேண்டும், அதில் ஒன்றாவது வண்டியின் நிஜமான பலமுள்ள இடமாக இருக்க வேண்டும்.

அந்த இடம் சப்ஃபிரேமின் முன் போல்ட். எஞ்சினின் கீழே, சஸ்பென்ஷன் கைகளைத் தாங்கும் அந்தச் சட்டகம் கூட்டோடு சேரும் இடத்தைத் தயாரிப்பாளரே பல அடுக்குத் தகடு வைத்துக் கெட்டியாக்கியிருப்பார். என் வண்டியில் அது பக்கத்துக்கு ஒரு எம்14. அதற்குச் சற்று முன்னால் முன் சட்டத்தின் அடியில், கட்டிவைக்கும் கொக்கிக்காக ஏற்கெனவே இரண்டு எம்10 துளைகள். புதிதாக ஒரு துளைகூடப் போடாமல், பக்கத்துக்கு ஓர் இரும்புத் தகடு செய்து இந்த மூன்றிலும் போல்ட் போட்டுப் பிடித்துக்கொள்ளலாம். சட்டத்தில் வெல்டிங் வைப்பதை நான் யோசிக்கவே இல்லை. இப்போதைய வண்டிகளின் முன் சட்டங்கள் பெரும்பாலும் உயர்வலிமை எஃகு. சூடு பட்ட இடத்தில் அதன் வலிமை குறைந்துவிடும், உள்ளே இருக்கும் துருத்தடுப்புப் பூச்சும் எரிந்துபோகும்.

இதில் விட்டுக்கொடுக்கவே கூடாத இன்னொரு விஷயம், மோதல் பாதுகாப்பு. பம்பர் பீமுக்கும் முன் சட்டத்துக்கும் நடுவில் மோதலில் நசுங்குவதற்காகவே வைத்த பெட்டிகள் இருக்கின்றன. அவை நசுங்கும் விதத்தைப் பொறுத்துத்தான் ஏர்பேக் திறக்கும் நேரமும் அமையும். பத்து மில்லிமீட்டர் இரும்பை அதன் குறுக்கே பாலம் போல வைத்தால் அந்தப் பெட்டி நசுங்காது. ஆகவே என் தகடு அந்தப் பெட்டிக்குப் பின்னாலேயே முடிகிறது. ஷாக்கிள் என்னும் இணைப்பு வளையத்தை மாட்டும் கண்ணும் (தகட்டில் உள்ள துளை) பம்பர் பீமுக்குப் பின்னால், கீழே நிற்கிறது. அங்கிருந்து, கயிற்றால் ஆன நீளமான சாஃப்ட் ஷாக்கிள் ஒன்று, அடிப்பிளாஸ்டிக்கில் வெட்டிய வாய் வழியாக வெளியே வருகிறது. பார்வைக்குச் சிவப்புக் கொக்கி இல்லை, முகப்பு பழையபடியே இருக்கிறது. எனக்கு அது பிடித்தும் இருக்கிறது.

அட்டையில் வார்ப்புரு வெட்டி வைத்துப் பார்ப்பதில்தான் அதிக நேரம் போனது. ஸ்டியரிங் முழுக்கத் திரும்பும்போது எதுவும் உரசக் கூடாது, ரேடியேட்டர் குழாயைத் தொடக் கூடாது, எஞ்சின் ஆயில் மாற்ற இடம் வேண்டும், தரை இடைவெளி குறையக் கூடாது. கண் எவ்வளவு கீழே இறங்குகிறதோ அவ்வளவுக்கு இழுக்கும்போது தகடு போல்ட்டுகளை நெம்பும். அதனால் அதை முடிந்தவரை மேலேயே நிறுத்தினேன். துளையின் விளிம்புக்கும் தகட்டின் ஓரத்துக்கும் நடுவில் குறைந்தது துளை விட்டத்தில் ஒன்றரை மடங்கு இரும்பு இருக்கும்படி கோடு போட்டேன். பக்கவாட்டு இழுவைக்காக உள்பக்கம் முக்கோணத் தாங்கு.

தகடு வெட்டுவது, துளையிடுவது, ஓரங்களை அரத்தால் மழுக்குவது எல்லாம் என் கையால். பற்றவைப்பை மட்டும் அதில் தேர்ந்த பெரியவர் ஒருவரிடம் கொடுத்தேன். அவர் தகட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "தம்பி, ஓரத்தை முதல்ல சரிவா சீவிக்கிட்டு வா. அப்பத்தான் பற்றவைப்பு முழுத் தடிமனுக்கும் இறங்கும்" என்று திருப்பி அனுப்பினார். நியாயமான பேச்சு. சீவிக்கொண்டு போனேன். வீட்டில் கைக்கு வந்தபடி ஒட்டக்கூடிய இடம் இல்லை இது. இந்தத் தையல் விட்டுப்போனால் பறந்து வருவது ஒரு கிலோவுக்கு மேல் இரும்பு.

பொருத்தும்போது சப்ஃபிரேமுக்கு அடியில் ஜாக்கி கொடுத்து, ஒரு நேரத்தில் ஒரு போல்ட்டை மட்டும் கழற்ற வேண்டும். இரண்டையும் சேர்த்து எடுத்தால் சட்டகம் நகர்ந்து வீல் அலைன்மெண்ட் கெடும். புதுத் தகட்டின் தடிமன் 10 மில்லிமீட்டர் என்பதால் போல்ட்டும் அவ்வளவு நீளம் கூட வேண்டும், பழையதைத் திரும்பப் போட்டால் நட்டுக்குள் போகும் மரைகள் குறைந்துவிடும். எம்10 துளைகளுக்கு உள்ளே எஃகுக் குழாய்த் துண்டும் மேலே பின்தகடும் வைத்தேன். இல்லாவிட்டால் முறுக்கும்போதே பெட்டிச் சட்டம் உள்வாங்கும். பணிமனைக் கையேட்டில் உள்ள அளவுக்கு, முறுக்கு விசையை அளந்து முறுக்கும் டார்க் ரெஞ்சால் முறுக்கி, போல்ட் தலையிலிருந்து தகடுவரை வெள்ளைப் பெயிண்டில் ஒரு கோடு. நகர்ந்தால் கோடு உடையும், பார்த்ததும் தெரிந்துவிடும்.

ஒரு கனமான நங்கூரத்தில் கை வின்ச் கட்டி, கயிற்றின் நடுவில் கனத்த போர்வை போட்டு, கை பிரேக் பிடித்த வண்டியைக் கொஞ்சம் கொஞ்சமாக இறுக்கிப் பார்த்தேன். கோடுகள் அசையவில்லை. அதன் பிறகுதான் பயணம்.

ஏரிக்கரைத் தடம் முந்தைய வார மழையில் ஊறியிருந்தது. மேலே காய்ந்த தோல், அடியில் வெண்ணெய். நீர்க்கோழிகள் கோரைக்குள் ஓட, ஒரு பக்கம் தண்ணீரும் மறுபக்கம் முள்ளுமாக அந்த வழி பார்க்க அவ்வளவு அழகு. முன்னால் போன வண்டி பள்ளத்தைத் தாண்டி மேட்டில் ஏறிவிட்டது. அதன் சக்கரம் உழுதுவிட்ட தடத்தில் என் வண்டி அச்சுவரை இறங்கி நின்றது. மூன்றாவது வண்டி பின்னால், அதற்கும் திரும்ப இடமில்லை.

முதலில் மண்வெட்டி. முன்சக்கரங்களுக்கு முன்னாலும் வண்டியின் வயிற்றுக்கு அடியிலும் இருந்த சேற்றை எடுத்தோம். டயர் காற்றை 18 பிஎஸ்ஐக்கு இறக்கினோம். இந்த அரைமணி நேர வேலையால் தேவைப்படும் விசை பெரிய அளவில் குறைகிறது. கொக்கி எவ்வளவு பலமாக இருந்தாலும் நான் இதை விடமாட்டேன். அப்புறம் இரண்டு கண்களிலும் சாஃப்ட் ஷாக்கிள், அவற்றுக்கு நடுவில், இழுவையை இரு பக்கத்துக்கும் பிரித்துக் கொடுக்கும் 3 மீட்டர் பிரைடல் ஸ்ட்ராப். கண்களின் இடைவெளி 90 செண்டிமீட்டர் என்பதால் ஸ்ட்ராப்பின் இரு கால்களுக்கும் நடுவில் கோணம் ஏறக்குறைய 35 டிகிரி, ஒவ்வொரு பக்கமும் தாங்குவது மொத்த இழுவையில் நூற்றுக்கு 52 பங்கு. பிரைடலைக் குட்டையாக வைத்துக் கோணத்தை 120 டிகிரிக்கு விரித்தால் ஒவ்வொரு பக்கமும் முழு இழுவையையும் தாங்க வேண்டி வரும். குட்டைப் பிரைடல் வாங்குகிறவர்கள் இதை ஒருமுறை தாளில் வரைந்து பார்க்கலாம்.

முன்வண்டியின் பின்சட்டத்தில் இருந்த முறையான கொக்கியில் கயிற்றின் மறுமுனை. அதில் டிரெய்லர் இழுக்கும் உருண்டையும் இருந்தது. அதில் மாட்டலாமே என்று கூட வந்த ஒரு பையன் கேட்டான். மாட்டவே கூடாது. அந்த உருண்டை முறிந்து பறந்து ஆட்கள் இறந்திருக்கிறார்கள். எல்லோரையும் கயிற்றின் நீளத்தில் ஒன்றரை மடங்கு தூரத்துக்கு, பக்கவாட்டில் நகர்த்தி நிறுத்தினோம். கயிற்றின் மேல் ஈரப் போர்வை.

"தொய்வை மட்டும் எடுங்கண்ணே, அப்புறம் நடக்கிற வேகம் போதும்" என்று வாக்கி டாக்கியில் சொன்னேன். கயிறு நீண்டது, ஒரு நொடி எதுவும் நடக்கவில்லை, பிறகு வண்டி முன்மூக்கை உயர்த்திச் சேற்றை விட்டு மெல்லக் கழன்றது. திடுக்கென்ற அடி எதுவும் இல்லை. மேட்டில் ஏறியதும் எஞ்சினை அணைத்துவிட்டு நேராக அடியில் படுத்தேன். இடது, வலது இரண்டிலும் வெள்ளைக் கோடு ஒரே கோடாகவே இருந்தது. கூட்டமே கைதட்டியது, எனக்கு அந்தக் கோடுகளைப் பார்த்ததுதான் பெரிய சந்தோஷம்.

ஆற்றுமணலில் காற்றை 15 பிஎஸ்ஐக்கு இறக்கி ஒரே சீராகப் போனோம், கயிறு வெளியே வரவே இல்லை.

திரும்பிய பிறகு அடிப்பிளாஸ்டிக்கைக் கழற்றிக் கழுவினேன். வலது கண்ணின் உள் விளிம்பில் பெயிண்ட் தேய்ந்து, அந்த இடத்தில் ஷாக்கிள் கயிற்றின் இழைகளும் லேசாகப் பிசிறியிருந்தன. அங்கே விளிம்பின் வளைவு போதவில்லை. அரத்தால் இன்னும் உருட்டி, உப்புத்தாளால் தேய்த்து, துத்தநாகப் பிரைமர் அடித்தேன். அந்த ஷாக்கிளை ஒதுக்கிவிட்டுப் புதிது போட்டாயிற்று. சப்ஃபிரேம் போல்ட்டுகளை மறுபடி டார்க் ரெஞ்சால் சோதித்தேன், இளகவில்லை. சேறு தங்காதபடி வெட்டிய வாய்க்கு ஒரு ரப்பர் மடிப்பு மட்டும் இன்னும் பாக்கி.