விதத்துக்குப் போட்ட மதிப்பெண்

"நான் சொன்னது தப்பா, சொன்ன விதம் தப்பா சார்?" என்று ஆண்டு மதிப்பீட்டின்போது என் குழுவில் இருந்த இளம் பொறியாளர் கேட்டார். "விதம்தான்" என்றேன். 'குழுவோடு இணைந்து செயல்படுதல்' என்ற கட்டத்தில் ஐந்துக்கு இரண்டு போட்டிருந்தேன். அவர் மறுபேச்சின்றிக் கையெழுத்திட்டார். அன்று நான் சொன்ன பதில் உண்மைதானா என்று இன்றுவரை என்னால் உறுதியாகச் சொல்ல முடியவில்லை.

செவிலியர்களுக்கான ட்யூட்டி அட்டவணையைப் போட்டுத் தரும் மென்பொருளை அப்போது எங்கள் குழு உருவாக்கிக்கொண்டிருந்தது. இரவுப் பணி பார்த்தவருக்கு மறுநாள் காலைப் பணி கூடாது, இன்ன வார்டில் அனுபவமுள்ள ஒருவர் கட்டாயம் இருக்க வேண்டும் என்று விதிகள் வர வர, ஒவ்வொன்றையும் தனி நிபந்தனையாகக் கோடில் எழுதிச் சேர்த்துக்கொண்டே போனோம். ஒன்றைத் திருத்தினால் வேறொன்று உடைந்தது. காலை, மாலை, இரவு, விடுப்பு என்ற நான்கு நிலைகளில் பத்துப் பேரை ஒரே ஒரு நாளுக்கு அமர்த்துவதற்கே பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட வழிகள் உண்டு. இத்தகைய கணக்கை ஒட்டுப்போட்டுச் சமாளிக்க முடியாது, விதிகளையெல்லாம் வெளியே தனியாக எடுத்து வைத்து, அவற்றை ஒருசேர நிறைவேற்றும் அட்டவணையைத் தேடும் முறைக்கு மாற வேண்டும் என்பது அவருடைய வாதம். வந்த சில மாதங்களிலேயே அதைக் கண்டுகொண்டிருந்தார். ஆனால் அதைச் சொன்னது ஒப்படைக்க வேண்டிய வாரத்தில், வாடிக்கையாளரும் அமர்ந்திருந்த கூட்டத்தில். "அடித்தளமே தவறு" என்றார். அந்த அடித்தளத்தை இரவு பகலாக உழைத்துக் கட்டியவர்களும் அங்கேதான் தலை குனிந்து உட்கார்ந்திருந்தார்கள்.

அவர்களுடைய மானமும் என் பொறுப்புதான். அறிவில் முந்தி நிற்பவருக்கு, மற்றவர்கள் அதே இடத்துக்கு வந்துசேர நேரம் பிடிக்கும் என்பது எளிதில் புலப்படுவதில்லை. தனக்கு ஒரே பார்வையில் தெரிவது பிறர் கண்ணில் படவில்லை என்றால், அவர்களுக்கு அக்கறையில்லை என்று எண்ணிக்கொள்கிறார். அந்த எண்ணம் குரலில் வெளிப்படுகிறது, குரல் புண்படுத்துகிறது. அந்தக் கட்டம் படிவத்தில் இருப்பதற்குக் காரணம் உண்டு என்று இப்போதும் நம்புகிறேன்.

இருந்தும், அவர் அதையே பணிவாக, தனியாக, உரிய நேரத்தில் சொல்லியிருந்தால் நான் ஏற்றிருப்பேனா? 'அடுத்த பதிப்பில் பார்க்கலாம்' என்று சொல்லியிருப்பேன். மென்மையாகப் பேசும் மூத்த பொறியாளர் ஒருவர் ஏறக்குறைய இதே கருத்தை முன்பு சொன்னபோது அதைத்தான் சொன்னேன். அவருடைய கருத்து அத்தோடு நின்றுபோயிற்று, அவருக்கு நல்ல மதிப்பெண்ணும் கிடைத்தது. அப்படியானால் நான் மதிப்பெண்ணைக் குறைத்தது விதத்துக்கா, அல்லது என்னை உடனே முடிவெடுக்கும் நிலைக்குத் தள்ளியதற்கா?

இதை நினைக்கும்போதெல்லாம் வானியற்பியலாளர் சுப்பிரமணியன் சந்திரசேகர் நினைவுக்கு வருகிறார். 1935 ஜனவரியில், 24 வயதில், எரிபொருள் தீர்ந்து சுருங்கிப்போன வெண்குறு விண்மீனின் நிறைக்கு ஓர் எல்லை உண்டு, அதை மீறினால் விண்மீன் மேலும் சுருங்கிக்கொண்டே போகும் என்பதை லண்டனில் ராயல் வானியல் கழகத்தில் அவர் எடுத்துரைத்தார்; அவருக்கு அடுத்துப் பேசிய, அன்று பெரும் செல்வாக்குப் பெற்றிருந்த வானியலாளர் எடிங்டன், விண்மீன் இவ்வளவு அபத்தமாக நடந்துகொள்வதைத் தடுக்க இயற்கையில் ஒரு விதி இருந்தாக வேண்டும் என்று அந்த முடிவை ஒதுக்கித் தள்ளினார். எடிங்டனின் ஏளனத்தைவிட என்னை அதிகம் உறுத்துவது, சந்திரசேகர் சொன்னதே சரி என்று தனிப்பட்ட முறையில் ஒப்புக்கொண்ட பெரிய இயற்பியலாளர்கள் பொதுவெளியில் வாய் திறக்காமல் இருந்ததுதான். அவர் அந்தத் துறை பற்றி 1939இல் ஒரு நூலை எழுதி முடித்துவிட்டு வேறு ஆய்வுகளுக்குப் போனார். நோபல் பரிசு 1983இல் வந்தது.

ஆனால் இந்த ஒப்புமையை நான் முழுமையாக நம்பவும் இல்லை. நாம் எடுத்துச் சொல்லும் மேதைகளின் கதைகள் எல்லாமே அவர்கள் சரி என்று நிரூபணமான பிறகு சொல்லப்படுபவை. அலுவலகத்தில் அப்படி ஒரு தீர்ப்பு வருவது அரிது. எங்கள் மென்பொருள் ஒட்டுகளோடுதான் ஒப்படைக்கப்பட்டது, ஓடியது. பெரிய புகார் எதுவும் வரவில்லை. அதனால் அவர் சொன்னது தவறு என்று ஆகிவிடவில்லை, சரி என்று நிரூபணமாகவும் இல்லை. காலம் பதில் சொல்லும் என்ற ஆறுதல் ஒரு சிலருக்கே பலிக்கிறது. மற்றவர்களிடம் எஞ்சுவது அந்தப் படிவத்தில் உள்ள எண்ணும், 'ஒத்துப்போகாதவர்' என்ற பெயரும்தான்.

படிவங்களை நம்புவதிலும் எனக்கு முன்புபோல் உறுதி இல்லை. அமெரிக்க உளவியலாளர் லூயிஸ் டெர்மன் 1921இல் அறிவுத்திறன் மிகுந்த குழந்தைகளைத் தேர்ந்தெடுத்து நீண்டகால ஆய்வு ஒன்றைத் தொடங்கினார். சுமார் 1,500 பேர் அதில் இடம்பெற்றார்கள். சோதிக்கப்பட்டும் மதிப்பெண் போதாமல் விடப்பட்டவர்களில் வில்லியம் ஷாக்லியும் லூயிஸ் ஆல்வரெஸும் இருந்தார்கள். பின்னாளில் இருவரும் இயற்பியலில் நோபல் பெற்றார்கள். திறமையைக் கண்டுபிடிப்பதற்கென்றே அக்கறையோடு வகுக்கப்பட்ட அளவுகோலுக்கே இந்த நிலை என்றால், ஆண்டு இறுதியில் அவசரமாக நிரப்பப்படும் கட்டங்களைப் பற்றி என்ன சொல்வது? ஆனாலும், மறுபடி அதே கட்டத்தை நிரப்பச் சொன்னால் மூன்றுக்கு மேல் போட எனக்கு மனம் வராது என்பதையும் மறைக்க விரும்பவில்லை.

அவர் விலகிச் சென்றபோது புதிய நிறுவனத்திலிருந்து என்னிடம் கருத்துக் கேட்டார்கள். அவருடைய திறமையைத் தயக்கமின்றிச் சொன்னேன். குழுவில் எப்படி என்று கேட்டதற்கு, அவர் முரண்படும்போது முழுவதையும் காதுகொடுத்துக் கேட்டு, மறுப்பதானால் காரணத்தோடு மறுக்கக்கூடிய ஒருவர் மேலதிகாரியாக அமைந்தால் நல்லது என்றேன். அது பரிந்துரையாகப் பட்டதா எச்சரிக்கையாகப் பட்டதா என்று எனக்குத் தெரியாது. அவரைச் சேர்த்துக்கொண்டார்கள், எப்படிப்பட்டவரின் கீழ் என்று நான் விசாரிக்கவில்லை.