நிழல் காட்டிய வடக்கு

பாறையில் பதிந்த பழைய காந்தத் திசையை அளக்கத் தக்காணத்து எரிமலைப் பாறைகளில் மாதிரி எடுக்கப் போகுமுன் ஊரிலேயே கை பழகிக்கொள்ளச் சொன்னார் என் வழிகாட்டி. வவுனியாவுக்கு வடக்கே எங்கள் குளக்கட்டை ஒட்டி ஒரு கருங்கல் பாறை உண்டு. எரிமலைப் பாறை அல்ல. 50 கோடி ஆண்டுகளுக்கும் முன்னரே ஆழத்தில் வெந்து உருமாறியது. பழகுவதற்கு அது போதும்.

இந்த வேலைக்குத் திசைதான் உயிர். லாவா ஆறி 580 பாகை செல்சியசுக்குக் கீழே இறங்கும்போது அதிலுள்ள மேக்னடைட் என்னும் இரும்புக் கனிம மணிகள் பூமியின் அன்றைய காந்தப்புலத்தின் திசையைப் பிடித்துக்கொள்கின்றன. பின்னர் நிலம் திரும்பினால் அந்தத் திசையும் சேர்ந்தே திரும்பும். சைப்பிரசின் துரோதொஸ் மலைப் பாறைகள் மேற்கைக் காட்டுவதால்தான் அந்நிலம் ஏறத்தாழ 90 பாகை இடப்பக்கமாகச் சுழன்றது தெரியவந்தது. துளைத்தெடுக்கும் பாறைத்தண்டில் திசையைக் குறிக்க நாம் கீறும் கோடு பிழைத்தால் கண்டத்தின் கதையே பிழைத்துவிடும்.

எனக்குப் பிழைத்தது. ஒரு சாண் இடைவெளியில் போட்ட இரண்டு துளைகளுக்கு நடுவே வடக்கு 11 பாகை மாறியது. இரண்டு நாள் என் கையைத்தான் நொந்துகொண்டேன். மாடு சாய்த்துக்கொண்டு வந்த பெரியவர் நின்று பார்த்தார். "தம்பி, இதில் காவலரண் இருந்தது. வெடி எல்லாம் எடுத்துவிட்டார்கள், இரும்பு கிடக்கும்" என்றார். பாறை வெடிப்புக்குள் குனிந்து பார்த்தேன். துருவேறிய முட்கம்பித் துண்டொன்று, விரல் நீளம். திசைகாட்டியைக் கிட்டக் கொண்டுபோனதும் ஊசி துள்ளித் திரும்பியது.

அதன்பிறகு சூரியத் திசைகாட்டிக்கு மாறினேன். தட்டின் நடுவே நிற்கும் ஊசியின் நிழல் விழும் கோணத்தையும் நேரத்தையும் குறித்துக்கொண்டால், இடத்தின் அகலாங்கு நெட்டாங்கைக் கொண்டு உண்மை வடக்கைக் கணக்கிடலாம். இரும்பு நிழலை அசைக்காது. ஆனால் அது சித்திரை வருடப்பிறப்பை ஒட்டிய நாட்கள். வன்னியில் உச்சிப்பொழுது சூரியன் நேர் தலைக்கு மேல் நிற்கும், நிழலே விழாது. ஆகவே காலை ஒன்பதுக்கு முன், மாலை நான்குக்குப் பின் என்று வேலையைப் பிரித்துக்கொண்டேன். துளைக்கருவிக்குக் குளத்துத் தண்ணீர்.

பிறகு தக்காணத்தின் மேற்கு ஓரத்தில், மும்பைக்கு அருகிலுள்ள பன்வேல். அங்கே லாவாப் படுக்கைகள் மேற்கே சாய்ந்து கிடக்கின்றன. கணக்கில் அவற்றை நிமிர்த்தும்போது சிதறிய திசைகள் ஒன்றுகூடினால், காந்தம் பதிந்த பிறகே நிலம் சாய்ந்தது என்று பொருள். முதல் தண்டிலேயே காந்த ஊசியும் நிழலும் 4 பாகை முரண்பட்டன. அந்தப் பாறையே காந்தம். குறிப்பேட்டில் நிழலின் எண்ணை எழுதினேன்.