ஹை வில்ஹேஸ் ஏறுவதற்கு முன்

டெவனில், டார்ட்மூர் என்ற சதுப்பு மேட்டுநிலத்தின் வடக்கு ஓரத்தில் இருக்கும் ஹை வில்ஹேஸ்தான் தென் இங்கிலாந்தின் மிக உயரமான இடம். உயரம் 621 மீட்டர். கயிறு பிடித்து ஏறவேண்டிய பாறை எதுவும் இல்லை, கூட்டமும் குறைவு. அதனாலேயே விடுமுறைக்கு வருகிறவர்கள் இதை லேசாக நினைத்துவிடுகிறார்கள். இங்கே கவனிக்க வேண்டியவை ராணுவம், சதுப்பு, மூடுபனி.

உச்சி ஓக்ஹாம்ப்டன் ராணுவப் பயிற்சிக் களத்துக்குள் வருகிறது. சுடும் நாட்களின் அட்டவணை பிரிட்டிஷ் அரசின் இணையதளத்தில் முன்கூட்டியே வெளியாகும். அதைப் பார்த்த பிறகு நாளை முடிவு செய்யுங்கள். சுடும் நாளில் பகலில் சிவப்புக் கொடி, இரவில் சிவப்பு விளக்கு. களத்தின் எல்லையில் சிவப்பு வெள்ளைக் கம்பங்கள். கொடி பறந்தால் கம்பத்தைத் தாண்டவே கூடாது. கொடி இல்லாவிட்டாலும் தரையில் கிடக்கும் உலோகத்தைத் தொடாதீர்கள், வெடிக்காத குண்டாக இருக்கலாம்.

மெல்டன் நீர்த்தேக்கத்தின் கார் நிறுத்துமிடத்தில் தொடங்குவது வசதி. (எக்சிட்டர் நகரிலிருந்து அருகிலுள்ள ஓக்ஹாம்ப்டன் ஊருக்கு 2021 முதல் மறுபடியும் ரயில் ஓடுவதால் கார் கட்டாயமில்லை.) அணையின் மேலேயே நடந்து மறுகரை சேர்ந்து, லாங்ஸ்டோன் ஹில் சரிவில் ஏறும் தடத்தைப் பிடித்து பிளாக் டார் பாறைகளுக்குப் போங்கள். அங்கிருந்து கிழக்கே ஏறினால் ஹை வில்ஹேஸ். வடக்கே சுமார் ஒரு கிலோமீட்டரில் 619 மீட்டர் உயர யெஸ் டார். பார்வைக்கு இதுதான் உயரமாகத் தெரியும். காட்சியும் இங்கேதான் நன்றாக இருக்கும். இறங்கும்போது மேற்குச் சரிவில் சிதறிக் கிடக்கும் கருங்கற்களில் அவசரம் வேண்டாம். ஈரமான பாசியில்தான் கணுக்கால் பிசகும்.

சுற்று மொத்தம் சுமார் 10 கிலோமீட்டர், ஏற்றம் ஏறக்குறைய 350 மீட்டர். 5 கிலோமீட்டருக்கு ஒரு மணி, 600 மீட்டர் ஏற்றத்துக்கு இன்னொரு மணி என்பது நெய்ஸ்மித் கணக்கு. அதன்படி இரண்டரை மணிக்குச் சற்று மேல் வரும். புல்மேடுகள் நடையைக் குறைக்கும் என்பதால் நான்கு மணி நேரம் ஒதுக்குங்கள்.

சதுப்பைச் செடியே சொல்லிவிடும். ஊதாப் பூ பூக்கும் குட்டையான ஹெதர் புதர் இருந்தால் தரை பெரும்பாலும் உறுதி. நுனியில் வெள்ளைப் பஞ்சு ஆடும் புல் என்றால் ஈரம். பளிச்சென்ற பச்சைப் பாசி மெத்தைபோல விரிந்திருந்தால் கால் வைக்காமல் சுற்றிப் போங்கள். நீரை உறிஞ்சி நிற்கும் அதன் அடியில் ஆழமான சேறு இருக்கலாம்.

மூடுபனி சில நிமிடங்களில் இறங்கிவிடும். அடுத்த பாறை கண்ணுக்குத் தெரியும்போதே திசைகாட்டியில் கோணத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். பிரிட்டனின் நில அளவை நிறுவனமான ஆர்ட்னன்ஸ் சர்வேயின் ஓஎல் 28 வரைபடம் காகிதத்திலேயே கையில் இருக்கட்டும். குளிரில் கைபேசியின் பேட்டரி சீக்கிரம் இறங்கும், சிக்னலும் எல்லா இடத்திலும் கிடைக்காது. கோடையிலும் காற்றுத் தடுக்கும் மழைச்சட்டை வேண்டும். உண்ணி இருப்பதால் முழுக்கால் சட்டை நல்லது. ஆபத்தென்றால் 999 அழைத்துக் காவல்துறையைக் கேட்டு, மலை மீட்புக் குழு வேண்டுமென்று சொல்லுங்கள். அழைக்க வழியில்லையா? நிமிடத்துக்கு ஆறு விசில், ஒரு நிமிடம் இடைவெளி, மறுபடி ஆறு. பதிலுக்கு மூன்று விசில் வரும். வந்த பிறகும் ஆட்கள் கிட்டே சேரும்வரை ஊதிக்கொண்டே இருங்கள்.