மரம் இல்லாத சூயஸ்

16ஆம் நூற்றாண்டில் இந்தியப் பெருங்கடலில் உஸ்மானியர்களின் (ஓட்டோமான் துருக்கியரின்) கை ஏன் தளர்ந்தது என்றால் பலரும் போர்த்துகீசியப் பீரங்கியைத்தான் சொல்வார்கள். நான் மரத்தைச் சொல்வேன்.

செங்கடல் ஓரத்தில் கப்பல் கட்ட மரமே கிடையாது. அனடோலியாவில் வெட்டிய மரம் அலெக்சாந்திரியா வந்து, நைல் வழியே கெய்ரோ போய், அங்கிருந்து ஒட்டகத்தில் பாலைவனம் தாண்டி, செங்கடலின் வடமுனையில் அவர்கள் கப்பல் கட்டிய சூயஸ் சேர வேண்டும். போரில் ஒரு கப்பல் போனால் மாற்றுக் கப்பல் கட்டவும் இதே வழிதான்.

கட்டியதும் துடுப்புக் கப்பல். மத்தியதரைக் கடலுக்கு அது ராஜா. ஆனால் துடுப்பு வலிக்க நூற்றுக்கும் மேற்பட்ட ஆட்கள். அத்தனை பேருக்கும் குடிநீர் தேவை, அதைச் சேமிக்க இடமோ குறைவு. பக்கவாட்டு உயரமும் கம்மி, பெரிய பீரங்கிகள் முன்புறம் மட்டும்தான். பருவக்காற்றின் அலைக்கு இது தாங்குமா?

தாங்கவில்லை. 1554இல் பாஸ்ராவிலிருந்து சூயஸுக்கு 15 கப்பல்களோடு கிளம்பிய உஸ்மானியக் கடற்படைத் தளபதி செய்தி அலி ரெய்ஸ், ஓமான் கரையில் போர்த்துகீசியரோடு மோதி, பின் புயலில் சிக்கி குஜராத்தில் ஒதுங்கினார். இஸ்தான்புல்லுக்குத் தரைவழியாகத்தான் திரும்பினார். அதற்கு முன், போர்த்துகீசியர் வசம் இருந்த பாரசீக வளைகுடா வாயில் தீவான ஹோர்முஸைப் பிடிக்க முடியாமல் திரும்பிய தளபதி பீரி ரெய்ஸுக்குக் கிடைத்ததோ மரண தண்டனை!

மத்தியதரைக் கடல் கப்பல்கள் நேராகச் செங்கடலுக்கு வர, 1568இல் சூயஸில் கால்வாய் வெட்டும் யோசனை எழுந்தது, நடக்கவில்லை. போர்த்துகீசியரை எதிர்த்த சுமத்ராவின் அச்சே சுல்தானுக்கு உதவப் போக வேண்டிய கப்பற்படையை யேமன் கலகம் இழுத்துக்கொண்டது. 1589இல் கிழக்கு ஆப்பிரிக்காவின் மொம்பாசாவில் உஸ்மானியத் தளபதி மீர் அலி பே போர்த்துகீசியரிடம் பிடிபட்டார். 1630களில் யேமனும் போயிற்று.

வணிகம் மட்டும் சாகவில்லை. மிளகு வரத்து குறைந்தபோதும் யேமன் துறைமுகமான மோக்காவின் காப்பி செங்கடல் வழியே வந்துகொண்டே இருந்தது.